நாற்பத்து மூன்று பொதிகள், ஓர் ஆள்

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பீடோங் சந்தைக்கு எதிரே எங்கள் வாப்பா நடத்தும் மளிகைக்கடையில் கொத்தமல்லி என்று ஒரு டப்பாவிலும் தனியா என்று இன்னொரு டப்பாவிலும் ஒரே சரக்கு இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டையும் ஒன்றில் கொட்டி, காலி டப்பாவை அலம்பிக் கவிழ்த்து வைத்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்று பழசு, ஒன்று புதுசு, இரண்டுக்கும் வேறு வேறு விலை என்பது வாப்பா கத்திய பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அன்று அலமாரி பார்க்க அழகாக இருந்தது. அதை வாப்பாவும் ஒப்புக்கொண்டார், கத்தி முடித்த பிறகு.

தலைவர் சத்தியசீலன் ஐயா அவர்களுக்கும் விசாரணைக் குழுவின் மற்ற நால்வருக்கும்: நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் ரிஸால், தகப்பனார் அபூபக்கர். வயது முப்பத்தாறு. உங்களில் இருவருக்குக் கணினி என்பது மகன் வந்து போட்டுக் கொடுத்தால் ஓடுகிற பொருள் என்று அறிவேன். ஆகவே முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். தொழில் விளங்காவிட்டால் குற்றமும் விளங்காது. அப்புறம் என் உழைப்பெல்லாம் வீண்.

நம் சங்கம் நடத்தும் பால்மரம் என்பது ஒரு மென்பொருள் வழங்கல். தமிழ்ப்பள்ளிகளும் தோட்டத்துக் கிளினிக்குகளும் தூக்கிப் போடவிருந்த பழைய கணினிகளை மறுபடி ஓட வைக்கிறது. வழங்கல் என்றால் மாயம் ஒன்றுமில்லை, மளிகைக்கடைதான். ஜெர்மனியில் ஒருவர், பிரேசிலில் ஒருவர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் நிரல் எழுதி இனாமாக விடுகிறார்கள். அது ஆலையிலிருந்து வருகிற மூட்டை. அதை அப்படியே கொடுத்தால் நம் பழைய கணினிக்குச் செரிக்காது. கல் பொறுக்கி, புடைத்து, நம் அளவுக்குக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டியது பொதி. கட்டுகிறவர் பொதியாளர். ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். இன்ன தேதியில் இன்ன கோளாறைத் திருத்திக் கட்டியவர் இன்னார், அவர் மின்னஞ்சல் இது என்று.

இந்தப் பொதிகள் எல்லாம் வந்து இறங்கி ஊருக்குப் போகிற இணையத்தளத்துக்கு அங்காடி என்று பெயர். அங்காடியை வடிவமைத்தவன் நான். எது எந்த அலமாரியில், எந்த ஆலைச் சரக்கு, யார் கட்டியது, எந்த ஆண்டு வெளியீட்டுக்கு எந்தக் கட்டு என்பதையெல்லாம் கணினிக்குப் புரிகிற மாதிரி வரைந்து வைப்பது என் வேலை. அதற்குச் சங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. பொதி கட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்களுக்கு அங்காடியில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. கட்டிய பொதிகள் வரிசையாக அதில் நிற்கும். அந்தப் பக்கம்தான் அவர்கள் சொத்து. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகியை உங்களுக்குத் தெரியும். புகார் கொடுத்தவள் அவள்தான். சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில், முப்பது வருடம் மரம் சீவி ஓய்ந்த இருளப்பனின் ஒரே மகள். பாலிடெக்னிக்கில் ஒரு வருடம் படித்துவிட்டு நிறுத்தியவள். சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலை. மிச்ச நேரத்தில் நமக்குப் பொதி கட்டினாள், ஆறு வருடமாக. தமிழ் விசைப்பலகை, எழுத்துருக்கள், பள்ளிக்கூட மணி அடிக்கிற நிரல், கிளினிக்கில் வரிசை எண் கூப்பிடுகிற நிரல் என்று மொத்தம் நாற்பத்து மூன்று. நாங்கள் எல்லாரும் பொதி கட்டினோம் என்று ஆண்டு மலரில் நீங்கள் எழுதினீர்களே ஐயா, அந்த 'நாங்கள் எல்லாரும்' பெரும்பாலும் அவள்தான்.

அங்காடியை நான் முதலில் வரைந்தபோது ஒரு பொருளுக்கு ஒரே பக்கம் என்றுதான் வரைந்தேன். கொத்தமல்லி டப்பா ஞாபகம். கடை மாடியில் வரைபடத்தை விரித்து அவளிடம் காட்டினேன்.

"விசைப்பலகை நிரலை எழுதினது ஜெர்மனிக்காரர். கட்டினது நீ. ஆனா சாமான் ஒண்ணுதானே? ஒரு பக்கம் போதும்."

"சாமான் ஒண்ணுதான் அண்ணே. பாலிங் பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கு எழுத்து ஒடஞ்சு வந்தா அவரு ஜெர்மனிக்கா போன் அடிப்பாரு? எனக்குல்ல அடிக்கிறாரு."

"சரி, ஆலைக்கு ஒரு பக்கம், பொதிக்கு ஒரு பக்கம்."

"பத்தாது லா. போன வருஷ வெளியீட்டுக்கு ஒரு கட்டு, இந்த வருஷத்துக்கு ஒரு கட்டு. பழசு வச்சிருக்கிறவங்க பழசுலதான் கோளாறு சொல்லுவாங்க. நீங்க புதுசுல தேடிக்கிட்டு, 'ஒண்ணும் இல்லியே'ம்பீங்க."

"இப்படியே போனா ஒரு விசைப்பலகைக்கு ஒரு குடியிருப்புத் தாமானே கட்டணும், வீடு வீடா."

"கட்டுங்க. சம்பளம் நீங்கதான வாங்குறீங்க."

கட்டினேன். ஆலை வேறு, கடை வேறு, வெளியீடு வேறு, கட்டியவர் வேறு. அப்படிப் பிரித்ததும் அங்காடி மணி மணியாக ஓடியது. ஆண்டுக் கூட்டத்தில் நான் அதை விளக்கினேன், கை தட்டினீர்கள். யோசனை யாருடையது என்பதைச் சொல்ல நினைத்தேன். கைதட்டலுக்கு நடுவில் இன்னொருவர் பெயரைச் சொன்னால் தட்டுகிறவர்களுக்குக் குழப்பம் வரும். யாரைப் பார்த்துத் தட்டுவது என்று கை அந்தரத்தில் நிற்கும். ஆகவே விட்டுவிட்டேன்.

அடுத்தது ஆட்கள். இதுதான் என் வடிவமைப்பில் எனக்கே பிடித்த இடம். பழைய பொதிகளை அங்காடிக்குள் ஏற்றும்போது, உள்ளே இருக்கும் சீட்டைக் கணினி படிக்கும். சீட்டில் ஒரு மின்னஞ்சல் கண்டால் உடனே அந்த முகவரிக்கு ஓர் ஆளை உண்டாக்கிவிடும். அந்த ஆள் அங்காடிப் பக்கமே வந்திருக்க வேண்டாம்; அங்காடி இருப்பதே தெரிந்திருக்க வேண்டாம். முதல் நாளே அறுநூற்றுப் பதினோரு பேர் குடியேறிவிட்டார்கள். அதில் ஐநூற்று எண்பது பேருக்குத் தாங்கள் இந்த ஊர்வாசிகள் என்பதே தெரியாது. நான் மட்டும் மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு முழு ஊரின் தலைவனான பென்குலு மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாரம் நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

ஒரு சிக்கல் வந்தது. முகவரி மாற்றியவர்கள் இரண்டு ஆளாக, மூன்று ஆளாக நின்றார்கள். தேவகி மூன்று. பாலிடெக்னிக் முகவரித் தேவகி, தொழிற்சாலை விடுதித் தேவகி, இப்போதைய தேவகி. ஆகவே ஒன்றாக்கும் கருவி ஒன்றைச் செய்தேன். இந்தக் கணக்கை அந்தக் கணக்கில் சேர் என்றால், பொதி, வரலாறு, உரிமை எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்த கணக்கு இல்லாமல் போகும். அதைத் தேடி வருகிறவரைச் சேர்ந்த இடத்துக்கே அனுப்பிவிடும்.

"பிரிக்கிறதுக்கு?" என்றாள் தேவகி.

"கரைச்ச மாவை யாரு பிரிக்கிறா?"

"தப்பா சேர்த்துட்டா, அண்ணே?"

"நான்தான சேர்க்கிறேன்."

அவளாவது கேட்டாள். குழு கேட்கவில்லை. பிரிக்க வழியில்லை என்பது நீங்கள் ஒப்புதல் கொடுத்த வரைவில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. குற்றம் சொல்லவில்லை, இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் பக்கத்தில் வாழைப்பழம் பொரிக்கிற பீசாங் கோரேங் கடையில் தேவகி என்னைப் பிடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பினாங்கில் ஒரு கம்பெனி அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. வேலையே பொதி கட்டுவதுதான். அதற்குச் சம்பளமும் தருவார்களாம். அவளுக்கே நம்ப முடியவில்லை.

"சர்டிபிகேட் வேணாம், செஞ்ச வேலையக் காட்டுன்னுட்டாங்க அண்ணே. வியாழக்கிழமை பத்து மணி. எம் முன்னாடியே அங்காடியில என் பக்கத்தைத் தொறந்து பார்ப்பாங்களாம்."

"அட, பெரிய ஆளாயிட்ட."

"எங்க பெரிய ஆளு, மூணு ஆளால்ல நிக்கிறேன். ஒருத்திகிட்ட பத்து, ஒருத்திகிட்ட இருபத்தி ஒண்ணு, எங்கிட்ட பன்னெண்டு. அவங்க பன்னெண்டைப் பார்த்துட்டு, இவ்வளவுதானான்னு கேட்டா? அதான், வியாழனுக்குள்ள எங்களை ஒண்ணாக்கி விட்டுருங்க."

எழுத்தில் கொடு என்றேன். முறை என்று ஒன்று இருக்கிறது. அங்கேயே கைப்பேசியில் எழுதி அனுப்பினாள்: என் கணக்குகள் மூன்றையும் ஒன்றாக்கித் தரவும், நன்றி. அந்தக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் எதில் ஒன்றாக்க வேண்டும் என்று எழுதவில்லை. நீங்களே பார்க்கலாம்.

அவளுக்கு அந்த வேலை எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. தோட்டம் கைமாறிவிட்டது. டிசம்பருக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட்டால் நிரந்தர வேலைக் கடிதம் கேட்கிறார்கள். கையுறைக் கம்பெனியின் ஒப்பந்தச் சீட்டு செல்லாது. "லெட்டர் மட்டும் கையில வரட்டும் அண்ணே, அப்பாவைக் கக்கூஸ் வீட்டுக்குள்ளயே இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். மழையில கொடை புடிச்சுக்கிட்டு வெளிக்குப் போறாரு, அறுவத்தியெட்டு வயசுல," என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்னும் இரண்டு பீசாங் கோரேங் வாங்கிக் கொடுத்தேன். நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். அவள் பினாங்குக்குப் போய்விட்டால் இந்த நாற்பத்து மூன்று பொதிகளின் கதி என்ன? பாலிங் வாத்தியார் யாருக்குப் போன் அடிப்பார்? நம்மை நம்பி ஓடுவது முப்பத்தோரு பள்ளி, ஒன்பது கிளினிக். பொதியாளர் கைவிட்ட பொதி மூன்று மாதத்தில் அநாதைப் பட்டியலில் ஏறிவிடும். அதுவும் நான் போட்ட விதிதான். நாற்பத்து மூன்று அநாதைகள் ஒரே நாளில் என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு காட்சி தோன்றியது. ஒரு பொறுப்புள்ள மனிதன் அப்போது என்ன செய்வான்? தத்தெடுப்பான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கருவியைத் திறந்தேன். சேர்க்க வேண்டிய கணக்குகள் என்ற இடத்தில் மூன்று தேவகிகளையும் வரிசையாகப் போட்டேன். எதில் சேர்க்க என்ற இடம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலி இடத்தை வரைந்தவனும் நான்தான். ஆனால் அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. திருவிழா ராட்டினம் மேலே போய் ஒரு கணம் நிற்குமே, கீழே சந்தை முழுக்கச் சின்னதாகத் தெரியுமே, அந்த இடம். என் கணக்கின் பெயரைத் தட்டினேன். மூன்றே எழுத்து.

பழைய இரண்டு முகவரிகளும் செத்துப் போனவை. அவற்றுக்கு நிர்வாகி என்ற முறையில் நானே சம்மதம் கொடுத்தேன். இப்போதைய முகவரிக்கு மட்டும் அவள் சம்மதம் வேண்டும். கடிதம் தானாகப் போகும். அதில் 'உங்கள் கணக்கு ரிஸால் என்பவரின் கணக்கில் சேர்க்கப்படும், இதைத் திரும்பப் பெற முடியாது' என்று தெளிவாக எழுதியிருக்கும். நான் எதையும் மறைக்கவில்லை. போன் மட்டும் அடித்தேன்.

"லிங்க் வந்திருக்கும் பாருமா, அமுக்கிடு."

"கையுறை லைன்ல நிக்கிறேன் அண்ணே. சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கான். என்னா எழுதியிருக்கு அதுல?"

"வழக்கமா எழுதுறதுதான். நான் இருக்கேன்ல."

"நீங்க இருக்கீங்கன்னுதான். இந்தா, அமுக்கிட்டேன். ரொம்ப நன்றி அண்ணே. வேலை கெடைச்சா ஒங்களுக்குத்தான் மொத பிரியாணி."

படித்துப் பார்த்திருக்கலாம். நான்கு வரிதான். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறவரை எங்கள் கடையில் வாப்பா பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. அந்தப் பார்வை எனக்கும் கொஞ்சம் வந்தது. அவள் மேல் வருத்தம்தான்.

என் பக்கத்தைத் திறந்தேன். நாற்பத்து மூன்று. ஆறு வருட வரலாறு, தேதி வாரியாக. சீனப் புத்தாண்டு லீவில் ஒன்பது திருத்தம். தீபாவளியன்று காலையில்கூட ஒன்று, மணி அடிக்கிற நிரலுக்கு. எவ்வளவு உழைத்திருக்கிறேன் என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த என் தங்கை ஜரீனா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளும் இரண்டு பொதி கட்டுகிறவள், கண் கூர்மை.

"நானா, நேத்து வரைக்கும் ஒங்க பக்கம் மொட்டை மாடி மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு என்னா, இவ்வளவு துணி காயுது?"

"அடுக்கி வச்சேன்."

"அடுக்கினா கூடுமா? பள்ளிக்கூட மணி தேவகிது. வரிசை எண்ணும் தேவகிது."

"தேவகியே ஒண்ணாக்கச் சொல்லிச்சு."

"ஒங்ககூடவா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அல்லாவே, நிக்காஹ் மாதிரில்ல இருக்கு. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பந்தலாவது போட்டிருப்போமே."

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பில் ஒரு சௌகரியம் உண்டு, மேலே யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் ஜரீனா படியிறங்கும்போது சிரிப்பை நிறுத்தியிருந்தாள். சோற்றில் குழம்பு ஊற்றவும் மறந்துவிட்டாள்.

வியாழன் பத்து இருபதுக்குப் போன் வந்தது. வியாபாரி வீட்டில் வளர்ந்தவனுக்கு ஒன்று பழகியிருக்கும். அடுத்த கடைச் சரக்கைப் பற்றிக் கேட்டால் குறை சொல்லக் கூடாது. மெதுவாகப் புகழ வேண்டும். எவ்வளவு மெதுவாக என்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

"மிஸ்டர் ரிஸால்? பினாங்குலேர்ந்து திவாகரன் பேசுறேன். தேவகின்னு ஒருத்தங்க இண்டர்வியூக்கு வந்திருக்காங்க. அவங்க பக்கம்னு தொறந்தா ஒங்க பக்கம் வருது. எல்லாம் என் வேலைன்னு சொல்றாங்க. ஒங்களுக்குத் தெரியுமா அவங்களை?"

"தெரியுமே சார். நல்ல பொண்ணு."

"இந்தப் பொதியெல்லாம் கட்டினது அவங்களா?"

"ரொம்ப ஆர்வம் சார் அதுக்கு. கூடமாட நிறைய ஒதவி பண்ணும்."

அவருக்குப் பின்னால் தேவகியின் குரல் கேட்டது: "அண்ணன்கிட்ட குடுங்க சார், நான் பேசுறேன், அண்ணன் சொல்லுவாரு." கொடுக்கவில்லை.

"அப்ப கட்டினது நீங்க," என்றார் திவாகரன்.

"பக்கத்துல இருக்கே சார்."

இந்த உரையாடலை நீங்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசிக்கலாம். நான் சொன்னதில் ஒரு பொய் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள்.

"ஒங்க பேரை எங்கயோ பார்த்திருக்கேன்," என்றார் அவர். "மார்ச்ல நீங்களும் அப்ளை பண்ணீங்கதானே? அப்ப பக்கம் காலியா இருக்குன்னு இங்க குறிப்பு இருக்கு."

"அப்ப அடுக்கி முடியலை சார். ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருந்தோம்."

இதை நான் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. மார்ச்சில் அதே கம்பெனிக்கு நானும் மனுப் போட்டிருந்தேன். அலமாரி செய்யத் தெரிந்தவர் வேண்டாம், சரக்கு வைத்திருப்பவர்தான் வேண்டும் என்று பதில் எழுதியிருந்தார்கள். ஒரு முழு ஊரை வரைந்தவனுக்கு அந்த ஊரில் ஒரு குச்சு வீடுகூட இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அது வேறு விஷயம். தேவகி விஷயத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது.

மூன்று மணிக்குத் தேவகி கடைக்கு வந்தாள். நேர்முகத்துக்கென்று தைத்த நீல நிறச் சட்டை, பஸ்ஸில் கசங்கியிருந்தது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். வாப்பா தண்ணீர் கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, நான் எங்க?"

"என்னம்மா?"

"அங்காடியில. என் பேரைத் தட்டுனா நீங்க வர்றீங்க. என் பழைய பேரைத் தட்டுனாலும் நீங்க வர்றீங்க. நாலு பேரு உட்கார்ந்திருக்காங்க, பெரிய திரையில போட்டுக் காட்டுறாங்க. அதுல ஒருத்தரு கேட்கிறாரு, ரிஸால்ங்கிறது ஒங்க வீட்டுக்காரரான்னு."

வாப்பா என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன்.

"நீதான ஒண்ணாக்கச் சொன்ன."

"என்னை ஒண்ணாக்கச் சொன்னேன் அண்ணே."

"ஒண்ணாத்தான இருக்கு. ஒரு பொதிகூடக் கொறையல. எண்ணிப் பாரு."

அவள் எண்ணவில்லை. தண்ணீர்க் கோப்பையைப் பார்த்து வைத்தாள், சிந்தாமல். "டிசம்பர்ல இடிக்கிறாங்க," என்று மட்டும் சொன்னாள், என்னிடமா வாப்பாவிடமா என்று தெரியாத மாதிரி. பிறகு போனாள். வாப்பா அன்று கடையை நாலு மணிக்கே சாத்தினார். நாற்பது வருடத்தில் முதல் தடவை.

மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜரீனா ஒரு பொதியை அவிழ்த்து, உள்ளே இருந்த சீட்டை எடுத்து உங்கள் முன் வைத்தாள். கட்டியவர் தேவகி என்று அதில் இருக்கிறது. நாற்பத்து மூன்றிலும் அப்படித்தான் இருக்கும். நான் ஒரு சீட்டையும் தொடவில்லை. தொட்டிருந்தால் நீங்கள் கண்டுபிடித்திருக்கவே முடியாது. என் நேர்மைக்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தோன்றவில்லை. யாரும் பொதியை அவிழ்த்துப் பார்ப்பதில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய? உலகம் பக்கத்தைத்தான் பார்க்கிறது. பினாங்கிலும் பக்கத்தைத்தான் பார்த்தார்கள்.

கேட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அவள் பெயரை என் பெயரில் கரைத்தவன் நான். வேண்டுமென்றே, தெளிந்த மனதோடு, காலை பதினொரு மணிக்கு, பிரிக்க முடியாது என்று தெரிந்தே செய்தேன். காரணம் முன்பே சொன்னேன்: அவள் போய்விட்டால் பொதிகள் அநாதையாகிவிடும். அந்த ஒரே கவலைதான்.

கம்பெனியிலிருந்து எனக்கு நியமனக் கடிதம் வந்துவிட்டது. நிரந்தர வேலை. ஒன்றாம் தேதி பினாங்கில் சேருகிறேன். வேலை அதிகம் இருக்கும் என்கிறார் திவாகரன். பால்மரத்தை இனி என்னால் கவனிக்க முடியும் என்று தோன்றவில்லை. இருளப்பனுக்கு உறவுக்காரர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில், சாமான் போடும் அறையில் இடம் பார்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தேவகி தொழிற்சாலை விடுதிக்குத் திரும்பிவிட்டாள்.

ஆனால் பொதிகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். போன வாரம் பாலிங் பள்ளியில் எழுத்துகள் உடைந்து பரீட்சைத் தாள் அச்சாகாமல் நின்றுவிட்டது. வாத்தியார் வழக்கம்போல் தேவகிக்குத்தான் போன் அடித்திருக்கிறார். அவளுக்கு அங்காடியில் கணக்கு இல்லை; திருத்த முடியவில்லை. ஆகவே புதிதாக ஒரு கணக்குத் திறந்து, புதிய பொதியாளருக்கான விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முன் அனுபவம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். காரணம் என்ற இடத்தில் 'பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை' என்று எழுதியிருக்கிறாள்.

விண்ணப்பங்களைப் பார்க்கிற பொறுப்பு ஒன்றாம் தேதி வரை என்னுடையது. அவளுடைய புதிய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. விதிப்படி தள்ளுபடி செய்திருக்கலாம். என் இடத்தில் வேறு யாராவது இருந்தால் செய்திருப்பார்கள். புதியவர் கட்டும் பொதியை முதல் வருடம் பழையவர் ஒருவர் தன் பெயரில், தன் பக்கத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று இன்னொரு விதியும் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே அதற்கு என் பெயரைக் கொடுத்து, விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டேன். ஒருவருக்கு முதல் வாய்ப்பை யாராவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்.